கொலையாளி தெரிந்த பிறகு

அண்மையில் ஒரு துப்பறியும் நாவலுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் நடிகன் கொலை, பொலிஸ் திணறுகிறது, ஒப்பனைக்காரர் ஒருவர் தாமாகவே துப்புத் துலக்கி, கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துக் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கிறார். நாவல்மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. உறுத்துவது நடுவர் குறிப்பு. இலங்கைத் தமிழ் எழுத்து முதன்முறையாகக் குற்றத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறதாம்.

துப்பறியும் கதைக்கு நாம் பகையல்ல. அட்டை கிழிந்த சங்கர்லால் நாவல்களை லயத்துக்கு லயம் கைமாற்றிப் படித்து வளர்ந்தவர்கள்தான். தேவனின் சாம்புவை இன்று எடுத்தாலும் கீழே வைக்க மனம் வருவதில்லை. பேங்கு குமாஸ்தாவான அவர் தடுக்கி விழுந்தாலும் குற்றவாளிமேல்தான் விழுவார். உடனே இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்துவிடுவார். அந்தக் கோபாலனைத்தான் நாம் கவனிக்கவேண்டும். அமெச்சூர் துப்பறிவாளனுக்கு மூளைகூட அவசியமில்லை, அவன் சொல்வதைக் கேட்டு விலங்கை எடுக்கும் ஒரு பொலிஸ்காரர் இருந்தால் போதும். அந்த வகை எழுத்து முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

சினிமா உலகின் நிஜக் கொலை ஒன்றைப் பாருங்கள். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அதற்காக நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. எந்தச் சாம்புவும் வரவில்லை.

நம் நாட்டில் வந்தார். அவர் ஒரு தாய்.

ரிச்சர்ட் டி சொய்சா மேடை நடிகர், கவிஞர், தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘யுகாந்தய’ படத்தில் நடித்தவர். 1990 பெப்ரவரி 18 அதிகாலை அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்றார்கள். மறுநாள் மொரட்டுவைக் கடலோரம் உடல் கிடைத்தது. தாய் மனோராணி சரவணமுத்து, தமிழர், வைத்தியர். வந்தவர்களின் முகத்தை அவர் மறக்கவில்லை. பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் தோன்றிய ஓர் உயர் பொலிஸ் அதிகாரியைப் பார்த்து, வந்தவர்களில் இவரும் ஒருவர் என்றார். பெயரோடு சொன்னார், நீதிமன்றத்துக்கும் போனார். கிடைத்தது கொலைமிரட்டல். அந்த அதிகாரி 1993 மேதினக் குண்டுவெடிப்பில் ஜனாதிபதி பிரேமதாசவோடு இறந்தார். அவர்மேல் எந்தத் தீர்ப்பும் வரவில்லை. மனோராணி 2001இல் காலமானார். இந்தக் கொலைக்காக வழக்குத் தொடரப்பட்ட மூன்று பொலிஸ்காரர்களும் 2005இல் விடுவிக்கப்பட்டார்கள்.

இங்கே துப்பறிய என்ன இருக்கிறது? சாட்சி அடையாளம் காட்டியாயிற்று. பரிசுபெற்ற நாவலின் கடைசி அத்தியாயம் இந்த நாட்டில் முதல் அத்தியாயமாகத்தான் இருக்கமுடியும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதுமல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தபோது சுட்டது யார் என்று எவரும் தேடவேண்டியிருக்கவில்லை. ஆணைக்குழு கூடியது. ஏன் சுட்டார்கள், யார் பதில் சொல்வது என்பதே சண்டை.

நம் காமன் கூத்தும் இதைத்தான் அறிந்துவைத்திருக்கிறது. மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, கந்தப்பளைக் குளிரில் தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயத்து வாசல்தோறும் ஆடிவருவார்கள். ரதி வேடத்தில் ஓர் ஆண். பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழியும், ஆட்டம் நிற்காது. மன்மதனை எரித்தது யார் என்பது கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. ரதி கொன்றவனிடமே நேரே போய் நியாயம் கேட்கப் போகிறாள் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் சனத்திடம், குற்றத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று எந்த நடுவர் சொல்வது? அந்த நடுவர்கள் ஒரு மாசி இரவாவது காமன் பொட்டலில் உட்கார்ந்திருக்கிறார்களா?

வடிவச் சோதனை, யதார்த்தவாதம், வெகுசன எழுத்தின் மீட்சி என்று வேறு இதழ்கள் தொடங்கிவைத்த விவாதத்துக்குள் நாம் இறங்கவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். கொலையாளியின் பெயர் முதல் வரியிலேயே தெரிந்துவிடும் கதைகளை அனுப்புங்கள். நடிகனோ கொழுந்து பறிக்கிறவளோ, யாருடைய சாவானாலும் சரி. அடுத்த இதழின் நடுப்பக்கங்களை அவற்றுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.