மாறுகண் யாருக்கு?

பிச்சாவரம் போயிருக்கிறீர்களோ? சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். உப்பங்கழியில் சுரபுன்னை மரங்கள் வேர்களையே கால்களாக ஊன்றி நிற்கும் இடம்.

அண்ணா குடும்பத்தோடு துடுப்புப் படகில் போனோம். அப்பாவின் பழைய பைனாகுலரை அண்ணாவின் எட்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"அத்தே, ரெண்டு கொக்கு! ஒண்ணு மேலே ஒண்ணு நிக்கறது!" என்றாள்.

இருந்ததோ ஒரே கொக்கு. எல்லோரும் சிரித்தோம். அண்ணியின் முகம் மட்டும் வாடிவிட்டது. ஊர் திரும்பியதும் குழந்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஒரு குறையும் இல்லை என்றார் அவர்.

நான் பார்த்தபோது கொக்கு ஒன்றுதான். ஆனால் கரை சேர்வதற்குள் தலைவலி. பழியை வெயில் மேல் போட்டேன்.

பிறகு பைனாகுலரைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "குழந்தை சொன்னது நிஜம். மாறுகண் உங்கள் குழாய்க்குத்தான்!" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். முன்கண்ணாடி காட்சியைத் தலைகீழாக்கும். அதை நிமிர்த்த ஒவ்வொரு குழாயிலும் இரண்டு பட்டகங்கள் உண்டு. 1854-ல் இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ கண்ட உபாயம் இது. கீழே விழுந்தால் பட்டகம் மயிரிழை நகரும். இரு காட்சிகளும் பிரியும். பக்கவாட்டில் விலகினால் நம் கண்கள் ஓரளவு உள்நோக்கித் திரும்பிச் சமாளிக்கும். மேலும் கீழுமாக விலகினால் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. வலிந்து ஒட்டவைப்பதில்தான் தலைவலி.

உங்கள் வீட்டுப் பைனாகுலரை இப்படிச் சோதியுங்கள். தூரத்து மாடியின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். கண்ணிலிருந்து நாலைந்து அங்குலம் மெதுவாக விலக்குங்கள். இரண்டு வட்டங்களிலும் சுவரின் கோடு ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

கோடு ஏறி இறங்கினால், நீங்களே திருகாணியைத் தொடாதீர்கள். இரு குழாய்களும் நடுக்கீலின் அச்சோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கண்ணுக்குச் சரியாயிருப்பது, குழந்தைக்காகக் கீலை மடக்கியதும் மறுபடி பிசகும்.

அது எப்போது பிசகியது என்கிறீர்களா? பரணிலிருந்து இறக்கும்போது அதை நழுவ விட்டவள் நானேதான்! யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணியிடம் இப்போது சொல்லிவிட்டேன். குழந்தையிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே அத்தே!" என்றாள்.