அருகில் அமர்பவர்

ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையோரத்தில் ஒருவர் பேசாமல் அமர்ந்திருந்தால் இவ்வூரில் எவரும் வியப்பதில்லை. துறவி என எண்ணிக் கும்பிட்டுவிட்டு நகர்கிறோம். அல்லது சித்தம் கலங்கியவர் என எண்ணி விலகி நடக்கிறோம். இரண்டிலும், அவர் உண்டாரா, உறங்கினாரா, காலில் புண் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

1896 செப்டம்பரில் இவ்வூருக்கு வந்த இளைஞர் வேங்கடராமன், ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கத்தருகே தம்மை மறந்து அமர்ந்திருந்தார். பூச்சிக்கடியால் தொடையெல்லாம் புண்ணாயிற்று, சிறுவர்கள் கல்லெறிந்தனர். சேஷாத்ரி சுவாமிகள் அவருக்குக் காவலாக நின்றார். அன்பர்கள் அவரை வெளியே தூக்கி வந்தனர். பின்னர் பழனிசாமி என்பவர் பல்லாண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்தார். பகவானின் மௌனம் நோயன்று. அதனை நோயோடு ஒப்பிடுவது எம் நோக்கமுமன்று. உள்ளே நிகழ்வது ஞானமோ துயரமோ, உடலுக்குச் சோறும் காவலும் வேண்டும் என்பதைப் பழனிசாமி அறிந்திருந்தார் என்பதையே சொல்ல விழைகிறோம்.

மனநலத் தொண்டு என்றால் அறிவுரை கூறுவது என்று பலர் கருதுகின்றனர். அறிவுரைக்கு நம் ஊரில் என்றுமே பஞ்சமில்லை. பஞ்சம், அருகில் அமர்பவர்களுக்குத்தான். மருத்துவமனைக்கு உடன் வருதல், மாத்திரை தீரும் நாளை நினைவூட்டுதல், மகனைப் பார்த்துக்கொள்ளும் தாய் இரண்டு மணி நேரம் வெளியே சென்றுவர அவன் அருகில் இருத்தல்: தொண்டர்களால் இயன்றவை இவையே. மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லும் உரிமை தொண்டருக்கு இல்லை. கிரிவலம் வருவதால் மனம் ஆறுதல் பெறலாம். அதற்காக மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வருவதை நாம் ஏற்பதற்கில்லை. நோயுற்றவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது அதனினும் தவறு.

1993-இல் சென்னையில் 'பேன்யன்' அமைப்பு தோன்றியது, தெருவில் தவித்த ஒரு பெண்ணைக் கடந்து செல்ல மனமில்லாத இரண்டு இளம்பெண்களால். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கிரையாயினர். கோயிலையும் தர்காவையும் நம்பி உறவினரை விட்டுச்செல்லும் வழக்கம் உள்ள எந்த ஊரும் அந்நாளை மறக்கலாகாது. எம் ஊரும் அத்தகையதே. பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை, வழியறியாது நிற்கும் ஒருவரையேனும் காண நேர்கிறது.

அவரை என் செய்வது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே உள்ளது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும், லாக்கப்பில் அடைக்கலாகாது. காவல் நிலையம் செல்லும்போது இதனைப் பணிவுடன் எடுத்துக் கூறுங்கள்.

நோயாளரைப் பராமரிப்போரே, இத்தொண்டுக்கு உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. இரவெல்லாம் விழித்திருப்பதன் பொருள் உங்களுக்குத் தெரியும். ஆயினும் உங்கள் வீட்டுச் சுமை கடுமையாக உள்ள காலத்தில் வர வேண்டா. அப்போது எங்களை அழையுங்கள், நாங்கள் வருகிறோம். நள்ளிரவில் எவரும் கிடைக்காவிடில் 'டெலி மானஸ்' எண் 14416 உள்ளது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.