பெயரும் உழைப்பும்: ஆய்வேட்டின் ஆசிரியர் எவர்?

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைக் கடந்து, திருப்புறத்தை அடுத்த பூவார் அருகே கடலில் கலக்கிறது. அதன் தலைப்பகுதிக் காடுகளில் வாழ்பவர்கள் காணி மக்கள். பாறசாலை எல்லைக்கு இப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், அப்பால் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. இன்றைய மாநில எல்லை 1956இல் வரையப்பட்டது. காணிகளின் காட்டறிவு அதற்கு நெடுங்காலம் முந்தியது. ஓர் அறிவு எவருடைய உழைப்பால் உண்டாகிறது, அதன்மீது எவருடைய பெயர் பொறிக்கப்படுகிறது என்னும் வினாவை மதிப்பெண் கணக்குகளுக்குள் புதைத்து வைத்திருக்கிறது இன்றைய ஆய்வுலகம். இவ்வேளையில், நம் ஆற்றின் தலைமாட்டில் நடந்த ஒரு நிகழ்வைத் தோழர்கள் மீண்டும் எண்ணிப்பார்ப்பது பயனுடையது.

1987 டிசம்பரில், பழங்குடி மக்களின் உயிரியல் அறிவை ஆவணப்படுத்தும் அனைத்திந்தியத் திட்டத்தின்கீழ் ஒரு விஞ்ஞானிகள் குழு அகத்தியர் மலையில் ஏறியது. குழுவை வழிநடத்தியவர் பி. புஷ்பாங்கதன். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் களைத்துப்போயினர். வழிகாட்டிகளாக உடன்வந்த காணிகளோ ஒரு சிறுசெடியின் பழங்களை மென்றபடி தளராது நடந்தனர். விஞ்ஞானிகளும் அவற்றை உண்டு தெம்பு பெற்றனர். அது என்ன செடி என்று கேட்டபோது வழிகாட்டிகள் முதலில் சொல்ல மறுத்தனர். அது தங்கள் குலத்தின் இரகசியம் என்றனர். வற்புறுத்தலுக்குப் பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. காட்டியவர்களுள் குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் அடங்குவர்.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியை அடிப்படையாகக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமம் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகையிலும் உரிமைப்பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென நிறுவனம் முடிவுசெய்தது. 1997இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் முதல் தொகை அதன் கணக்கில் சேர்ந்தது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2002இல்தான். சட்டம் வற்புறுத்தும் முன்பே பயனைப் பகிர்ந்துகொள்ள முன்வந்த அவ்விஞ்ஞானிகளின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் பணம் பகிரப்பட்ட அளவிற்குப் பெயர் பகிரப்பட்டதா? இச்செடியை அறிவுலகிற்கு அறிமுகப்படுத்திய கட்டுரை 1988இல் வெளிவந்தது. அதன் தலைப்பில் காணி மக்களின் பெயர் இருக்கிறது; ஆசிரியர் வரிசையில் ஒரு காணியின் பெயரும் இல்லை. ஆய்வின் பொருளாக இடம்பெறத் தகுதியுடையவர்கள், ஆய்வில் பங்கேற்றவர்களாக இடம்பெறவில்லை. அக்கட்டுரையை எடுத்தாளும் ஒவ்வொரு பின்வந்த கட்டுரையும் ஆசிரியர்களின் கணக்கில் ஒரு மேற்கோளைக் கூட்டுகிறது. செடியைக் காட்டியவருக்கு அப்படியொரு கணக்கே கிடையாது.

இதனை ஒரு தனிமனிதரின் தவறாகக் கருதுவது பிழை. அன்றும் இன்றும் ஆய்வுலகின் வழக்கமே அது. அவ்வழக்கம் இயற்கையானதோ என்றுமுள்ளதோ அன்று. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறியது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் இந்நூலுக்குத் தம் அறிவை வழங்கினார். 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்ட அவருடைய சான்றுரை, அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சிடப்பட்டது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூவரின் சான்றுரையும் அவ்வாறே இடம்பெற்றது. அச்சுதன் சொன்னதைப் போர்த்துக்கீசியத்தில் பெயர்த்த இம்மானுவேல் கர்னேய்ரோவின் பெயரும் நூலில் நிலைத்தது. வான் ரீடு கொடை உள்ளத்தால் இதனைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. தம் நூலை ஐரோப்பா நம்புவதற்கு அவருக்குச் சாட்சிகள் தேவைப்பட்டனர். நூலின் முகப்பில் அவர் பெயர்தான் இருந்தது. எனினும் காலனியத் தளபதியின் நூலில் கிடைத்த இடம், விடுதலை பெற்ற இந்தியாவின் ஆய்விதழில் கிடைக்கவில்லை என்பது நம்மை உறுத்தவேண்டிய உண்மை.

எழுதியவரே ஆசிரியர், செய்தி சொன்னவர் எவ்வாறு ஆசிரியராவார் என்று கேட்கப்படலாம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள நெறி நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது: ஆய்வுக்குக் கணிசமான பங்களிப்பு, கட்டுரையை எழுதுதல் அல்லது திருத்துதல், இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் ஒருங்கே நிறைவேற வேண்டும். உழைக்காத அதிகாரிகள் பெயரை நுழைப்பதைத் தடுக்க இந்நெறி உதவும் என்பது மெய்யே. ஆனால் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத இயலாத ஒருவர், எத்துணை அடிப்படையான அறிவை வழங்கியிருந்தாலும், இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறார். பங்களிப்புகளைப் பதினான்கு வகையாகப் பிரிக்கும் பட்டியல் ஒன்றும் பத்தாண்டுகளாக வழக்கிலுள்ளது. நிதி திரட்டியவருக்கும் மென்பொருள் எழுதியவருக்கும் அதில் தனித்தனி இடமுண்டு. மரபறிவைத் தந்தவருக்கென ஓரிடம் இல்லை, மொழிபெயர்த்தவருக்கும் இல்லை.

பெயர்கள் மிகுந்தால் தாள் கொள்ளாது என்பதும் வாதமாகாது. 2015இல் ஹிக்ஸ் போசானின் நிறை பற்றி 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்களைப் பெயர்களும் நிறுவனங்களுமே நிரப்பின. கூட்டுழைப்பைக் கூட்டுழைப்பாகவே பதிவுசெய்ய அறிவியலால் இயலும். எவருடைய உழைப்பு உழைப்பாக ஏற்கப்படுகிறது என்பதே சிக்கல்.

அளவைகள் இச்சிக்கலைக் கடுமையாக்கியுள்ளன. இதழ்களைத் தெரிவுசெய்ய உதவும் கருவியாக யூஜின் கார்ஃபீல்டு வகுத்த தாக்கக் காரணி, நாளடைவில் மனிதரை எடைபோடும் தராசாயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் குறியீடு, ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், மொழி மற்றும் மானிடவியல் துறைகளில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்குப் பத்துப் புள்ளிகள் தருகின்றன. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் எட்டுப் புள்ளிகள். ஐந்நூறு பக்கங்களை ஆண்டுக்கணக்கில் தமிழாக்கியவரின் உழைப்பு, பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றுக்கு ஈடாகாது என்பது அதன் பொருள்.

கூட்டுக் கட்டுரைகளுக்கான கணக்கு இன்னும் விந்தையானது. இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, ஏனைய ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. பத்துப் புள்ளிக் கட்டுரையை ஒருவரே எழுதினால் விளைவது பத்து. இருவர் பெயரில் வந்தால் மொத்தம் பதினான்கு. ஐவர் பெயரில் வந்தால் முதல்வருக்கு ஏழு, மற்ற நால்வருக்கும் மும்மூன்று, ஆகப் பத்தொன்பது. கட்டுரை ஒன்றே, பெயர்கள் பெருகப் பெருகப் புள்ளிகளும் பெருகுகின்றன. மூன்றாமவர் பெயரைச் சேர்ப்பதற்குப் பிறகு நான்காமவரையும் ஐந்தாமவரையும் சேர்ப்பதால் முதல்வருக்கு இழப்பு ஏதுமில்லை. பெயரை இரவலாகப் பெறவும் வழங்கவும் இதைவிடச் சிறந்த ஊக்கம் வேறென்ன வேண்டும்?

இந்தச் சந்தையில் எவர் பெயர் சேர்கிறது? பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் சக ஆசிரியர், துறையில் அதிகாரம் படைத்தவர், கருவிக்கு அனுமதி தருபவர் ஆகியோர் பெயர்கள் சேர்கின்றன. எவர் பெயர் விடுபடுகிறது? களத்தில் தரவு திரட்டிய தற்காலிக உதவியாளர், நெறியாளரின் கையொப்பத்திற்காக உதவித்தொகையும் எதிர்காலமும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர், தம் காட்டையும் வயலையும் திறந்து காட்டிய மக்கள் ஆகியோர் பெயர்கள் விடுபடுகின்றன. முனைவர் பட்ட ஆய்வேட்டிற்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கின. ஆனால் வேலைக்கான புள்ளிக் கணக்கு தொடரும்வரை, அந்நெருக்கடி மாணவரின் தோளைவிட்டு இறங்காது. நம் எல்லைக் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாக ஆய்வுப் படிப்பில் நுழையும் பிள்ளைகளே இதன் சுமையை மிகுதியாகத் தாங்குகின்றனர். பெயரை இழந்தாலும் எதிர்த்துக் கேட்கத் துணைநிற்பார் அவர்களுக்கு இல்லை.

மார்க்சு 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், அறிவியல் உழைப்பைப் பொதுமை உழைப்பு என்கிறார். வாழ்வோரின் ஒத்துழைப்போடு முன்னோரின் உழைப்பும் அதில் கலந்திருப்பதை அவர் சுட்டுகிறார். காணிகளின் அறிவு அத்தகைய முன்னோர் உழைப்பு. இங்கே இன்னொரு சிக்கலையும் மறைக்காமல் பேசவேண்டும். காணி வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர், சமூகம் முழுமைக்கும் உரிய அறிவை ஓரிருவர் வெளியாருக்குக் கொடுத்தது முறையன்று என்று அந்நாளிலேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆகவே இரண்டு வழிகாட்டிகளின் பெயரைச் சேர்த்துவிட்டால் நீதி முடிந்தது என்று கருத இயலாது. தனிமனிதரின் பங்கு தனியாகவும், சமூகத்தின் பங்கு சமூகத்தின் இசைவோடும் பதிவாக வேண்டும். எவர் என்ன செய்தார் என்று நேர்மையாக எழுதிவைப்பதே அதற்கு வழி.

இதற்கான முன்மாதிரி நம் இயக்க வரலாற்றிலேயே இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. 1851, 1852 ஆண்டுகளில் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' ஏட்டில் ஜெர்மானியப் புரட்சி குறித்து மார்க்சின் பெயரில் வந்த கட்டுரைத் தொடரை எழுதியவர் எங்கெல்சு. 1896இல் அது நூலானபோதும் மார்க்சின் பெயரே இடப்பட்டது. இருவரின் கடிதங்கள் 1913இல் அச்சேறிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. தோழமையால் செய்யப்பட்டதாயினும், பதிவின்மை அறுபதாண்டுக் குழப்பத்தை விளைத்தது. அதே எங்கெல்சு 1894இல் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியைப் பதிப்பித்தபோது, வெறும் பதிப்புத் திருத்தத்தைக் கடந்து தாம் சேர்த்த பகுதிகளைப் பகர அடைப்பினுள் இட்டுத் தம் பெயரெழுத்துகளால் அடையாளப்படுத்தினார். தம் உழைப்பைப் பெருக்கிக் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. பெயரெண்ணிக்கைக்கும் மேற்கோளெண்ணிக்கைக்கும் புள்ளியிடும் முறை கைவிடப்பட்டு, ஆய்வின் உள்ளடக்கத்தைத் துறையறிஞர் படித்து மதிப்பிடும் முறை வரவேண்டும். அரசு நிதியில் நடக்கும் ஒவ்வோர் ஆய்விலும், களப்பணியாளரும் அறிவு வழங்கிய மக்களும் உட்பட, எவர் எப்பணி செய்தார் என்னும் அறிக்கை கட்டாயமாக வேண்டும். பெயர் பறிக்கப்பட்ட ஆய்வு மாணவர் முறையிட, மாணவர் சார்பாளர்களும் இடம்பெறும் குழு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அமைய வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையான அறிவுழைப்பாக ஏற்கப்பட வேண்டும்.

கோரிக்கைகளோடு நம் கடமையும் உண்டு. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகள்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பேணப்பட வேண்டும். திருப்புறத்திலும் சுற்றுவட்டார ஊராட்சிகளிலும் உள்ள தோழர்கள் அப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். மூலிகை சொன்ன மூதாட்டியின் பெயரும், மீன்வகை சொன்ன கடற்றொழிலாளியின் பெயரும், அவர்தம் இசைவோடு அதில் உள்ளனவா என்று பார்க்கட்டும். இல்லையெனில் சேர்க்க வலியுறுத்தட்டும். நாம் நடத்தும் கள ஆய்வுகளிலும் வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டிய கிளைத் தோழர்களின் பெயர்கள் அறிக்கையில் இடம்பெறுவது வழக்கமாகட்டும். பெரும்பகுதியும் மொழிபெயர்ப்பால் உருவாகும் இவ்வேடும் இந்நெறிக்கு விலக்கன்று. அதனை இங்கிருந்தே தொடங்குவோம்.

உழைப்பின் பயனில் பங்கு கேட்டுப் போராடும் இயக்கம், உழைத்தவரின் பெயருக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டது. பாதித் தொகை காணிகளின் அறக்கட்டளைக்குச் சென்றது. அவர்களுக்குரிய பெயர் இன்னும் ஆய்வேட்டின் வாசலிலேயே நிற்கிறது.