தத்துக்கு ஒரு சேமிப்புக் கணக்கு

அமெரிக்காவில் தனியார் நிறுவனத்தின் மூலமாக ஒரு சிசுவைத் தத்தெடுத்துக்கொள்ள விரும்பும் தம்பதிகள் பல்லாயிரம் டாலர் செலவிட நேரிடுகிறது என்பதையும், அதில் கணிசமான பங்கைக் குழந்தையின் முகத்தைக் காண்பதற்கு முன்னமேயே கட்டிவிட வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், இதற்கென்றே வரிச் சலுகையுள்ள சேமிப்புக் கணக்கு ஒன்று வேண்டும் என்று அங்கே எழும் கோரிக்கையின் நியாயம் விளங்கும். வீட்டையும் வருமானத்தையும் சுபாவத்தையும் விசாரித்து அறிக்கை எழுதும் சமூக ஊழியருக்கு, விரல்ரேகைப் பரிசோதனைக்கு, வக்கீலுக்கு, நீதிமன்றத்துக்கு, பல மாநிலங்களில் பெற்ற தாயின் பிரசவச் செலவுக்கு என்று பணம் தவணை தவணையாகப் போய்க்கொண்டேயிருக்க, கடைசியில் அந்தத் தாய் மனம் மாறிக் குழந்தையைத் தானே வளர்க்கத் தீர்மானித்துவிட்டால் (அது அவளுடைய உரிமை, குறை கூறுவதற்கில்லை) கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வருவதும் துர்லபம்.

சர்க்கார் உதவாமலில்லை. 1996-ல் இயற்றிய சட்டத்தின்படி மறு ஆண்டிலிருந்து 5,000 டாலர் வரை அளிக்கப்பட்ட வரிக்கழிவு படிப்படியாக உயர்ந்து 2025-ல் 17,280 டாலராயிற்று. ஆனால் இந்தத் தயாளம் கைப்பணம் கரைந்த பின்னரே வந்து சேருகிறது. உள்நாட்டுத் தத்து செலவிட்ட ஆண்டிலேயே முடியாவிட்டால் அதற்கு அடுத்த வருஷ வரிக்கணக்கில்தான் கழிவைக் கோரலாம். வெளிநாட்டுக் குழந்தையானால் தத்து பூர்த்தியாகும் வரையில் காத்திருக்க வேண்டும். இடைக்காலத்துக்குக் கடன் வாங்கலாம். அல்லது, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறபடி, தத்து பூர்த்தியான பின் ஓராண்டுக்குள் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 5,000 டாலர் வரை அபராதமின்றி எடுக்கலாம். முதுமைக்கென்று வைத்ததைத் தொடச் சொல்லும் ஏற்பாட்டைச் சலுகை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வைத்தியச் செலவுக்கென்று 2003-ல் சட்டம் செய்து ஏற்படுத்திய சேமிப்புக் கணக்கில், போடும் தொகைக்கும் அது ஈட்டும் வருவாய்க்கும், உரிய காரியத்துக்காக எடுக்கும் தொகைக்கும் மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது. அந்த முறையைத் தத்துக்கும் விஸ்தரித்தால், பணம் வேண்டிய காலத்தில் கைவசம் இருக்கும்.

எனினும், வரி விலக்கின் பிரயோஜனம் அதிக விகிதத்தில் வரி கட்டுகிறவனுக்கே அதிகம். வாடகையும் பழைய கடனும் போக மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாத லாரி ஓட்டுநர் கணக்கைத் திறந்துவிட்டு அதில் எதைப் போடுவார்? 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில், வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாதவர்களுக்கும் கழிவு முழுவதும் ரொக்கமாகக் கிடைத்துவந்தது. பிறகு நின்றுபோய், 2025-ல் 5,000 டாலர் வரையில் மட்டும் திரும்பியது. மேலும், சர்க்கார் பராமரிப்பில் வளர்ப்புக் குடும்பங்களிலே இருக்கும் குழந்தைகளைத் தத்தெடுக்க ஏறக்குறையச் செலவே ஆவதில்லை. வயது ஏறிவிட்டது, உடன்பிறந்தார் கூட்டமாயிருக்கிறார்கள், தீராத வியாதி இருக்கிறது என்பன போன்ற காரணங்களால் காத்துக் கிடக்கும் அவர்களுடைய பெயரைச் சொல்லி இக்கணக்குக்கு ஆதரவு தேடுவது முறையாகாது.

கணக்கு வேண்டியதுதான். ஆனால் சொற்ப வருமானக் குடும்பம் போடும் தொகைக்குச் சமமாகச் சர்க்காரும் ஒரு பங்கு போட வேண்டும். தத்து கைகூடாமற்போனால் சேமிப்பை அபராதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மசோதாவை, வசதியுள்ளவர்களுக்கு இன்னுமொரு வரிச் சலுகை என்பதற்கு மேல் மதிப்பதற்கில்லை.