எது தலைகீழ்?



என் போனில் உள்ள ஃப்ரீ42 கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, "மாமா கணக்கைத் தலைகீழாப் போடுறாரு" என்று மாப்பிள்ளை ஒருவர் குடும்பக் குழுவில் எழுதியிருந்தார். கீழே பதினெட்டுச் சிரிப்புப் பொம்மைகள். கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளியவனால் இதற்குச் சும்மா இருக்க முடியவில்லை.

அதில் சமக்குறிப் பொத்தான் கிடையாது. 20, என்டர், 5, கடைசியில் கழித்தல் குறி. விடை 15. இதற்கு 'ரிவர்ஸ் போலிஷ்' என்று பேர். போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் வூகாசியேவிச் 1920களில் குறியை எண்களுக்கு முன்னால் வைத்து எழுதினார். அதைத் திருப்பிப் பின்னால் வைத்ததால் 'ரிவர்ஸ்'. அவருடைய முறைக்குத்தான் அது தலைகீழ், நமக்கு இல்லை.

நம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? "இருபதுல அஞ்சைக் கழி." "நூத்தி நாப்பத்தி நாலை ஆறால வகு." என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில்தானே வருகிறது? "144 வகுத்தல் 6" என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தோமே, எந்த அப்பத்தா அப்படிப் பேசினார்? ஒப்பிக்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

வரிசை எப்படி இருந்தால் என்ன, விடை ஒன்றுதானே என்பீர்கள். திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் வத்தல் போட்ட என் பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்த சீட்டைச் சொல்கிறேன். முதல் தரம் 38 கிலோ, 210 ரூபாய். இரண்டாம் தரம் 14 கிலோ, 165 ரூபாய். இதைக் கடைக் கால்குலேட்டரில் ஒரே மூச்சில் அடித்தால் 7980-உடன் 14-ஐக் கூட்டி, அத்தனையையும் 165-ஆல் பெருக்கி, 13,19,010 என்று காட்டும். அதனால் தனித்தனியாகப் பெருக்கித் துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டுகிறார்கள். அப்படி எழுதும்போது 7980 என்பது 7890 ஆகிவிட்டது. 2310-ஐக் கூட்டினால் சரியாக 10,200. ரவுண்டாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏமாற்று வேலை இல்லை, கைப்பிசகுதான். ஆனால் போன 90 ரூபாய் வானம் பார்த்த பூமிக்காரருடையது.

என் முறையில் 38 என்டர் 210 பெருக்கல், 14 என்டர் 165 பெருக்கல், கூட்டல். 10,290. மேசையில் நோட்டுகளை அடுக்குவது போல, முதல் விடை அடியில் காத்திருக்கும். துண்டுச் சீட்டே வேண்டாம்.

போன் கால்குலேட்டரே பெருக்கலை முதலில் செய்யுமே என்று ஒருவர் கேட்டார். செய்யும். கூட்டிவிட்டுப் பெருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியை மறந்தால் அதுவும் காலை வாரும். ஒரே பொத்தான்களைத் தட்டினால் கடைப் பெட்டி ஒன்று சொல்கிறது, போன் இன்னொன்று சொல்கிறது. பத்தாவது தாண்டாதவர் எதை நம்புவார்?

இதிலும் குறை உண்டு. என்டரை மறந்தால் 38-ம் 210-ம் ஒட்டி 38210 ஆகிவிடும். பழக இரண்டு நாள் பிடிக்கும். ஹெச்.பி. கம்பெனி 1972-இல் ஹெச்.பி.-35 கொண்டுவந்தது இந்த முறையில்தான். 1981-இல் வந்த 12சி-யைப் பணக்கணக்குப் பார்ப்பவர்கள் இன்னும் கைவிடவில்லை. அதன் விலை நமக்குக் கட்டாது. ஃப்ரீ42-க்குக் காசே இல்லை.

மாப்பிள்ளை, பொங்கலுக்கு அருப்புக்கோட்டை வரும்போது அந்தச் சீட்டைத் தருகிறேன். கடைக் கால்குலேட்டரில், பேனா தொடாமல், போட்டுக் காட்டுங்கள்.