சேற்றில் இறங்கினால் யானைக்கால் வருமா?

கேள்வி: என் மாமியாருக்கு வலது கால் பல வருடமாக வீங்கியிருக்கிறது. அடிக்கடி நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வருகிறது. நடவுச் சேற்றில் நின்றதால் வந்தது என்கிறார்கள். நானும் நடவுக்குப் போகிறேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?
– வாசகி, திமிரி

பதில்: யானைக்கால் நோய் சேற்றால் வருவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. இது கொசு பரப்பும் புழு நோய். நூல் போன்ற புழுக்கள் உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கி ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும். அவற்றின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகமாக ஓடும். அப்போது கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கொசுவுக்குள் வளர்ந்து, அது கடிக்கும் அடுத்தவருக்குப் போகின்றன. கொசுவின் உடலில் இந்தப் புழு வளர்வதை 1877-ல் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். ஒரு கடியில் நோய் வந்துவிடாது. நெடுநாள் பல முறை கடிபட்டால்தான் வரும்.

ஆனால் கால் வீங்கியவர் சேற்றில் கவனமாக இருக்க வேண்டும். சேற்றுப்புண், விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைவதால்தான் நெறி கட்டிக் காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் கூடும். எனவே மாமியார் செய்ய வேண்டியவை:

* தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். வயலிலிருந்து கரையேறியதும் கழுவுவது மிக அவசியம்.
* புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்கக் கூடாது. வெளியில் செருப்பு அணிய வேண்டும்.
* படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும்.
* காய்ச்சல் வந்தால் காலை உருவிவிடாமல், சூடு வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

இதனால் பழைய வீக்கம் முழுவதும் வடியாது. ஆனால் காய்ச்சல் குறையும், வீக்கம் மேலும் முற்றாது. மிகவும் முற்றியவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகை உண்டு. சுகாதார நிலையத்தில் விசாரிக்கவும்.

வீட்டில் மற்றவர்கள் இரவு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. புழு உடலில் இருந்தும் பல ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆண்களுக்கு விரைவீக்கமும் இதனால் வரும். அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம், மறைக்க வேண்டாம்.

வேலூர் வட்டாரம் முன்பிருந்தே இந்நோய் கண்ட பகுதி. சுகாதாரத் துறை டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் பணியாளர் முன்னிலையிலேயே விழுங்கவும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் சாப்பிடக் கூடாது. சிலருக்குத் தலைவலி, லேசான காய்ச்சல் வரலாம். புழுக் குஞ்சுகள் சாவதால் வருவது, ஓரிரு நாளில் சரியாகும்.

இந்தக் கொசு தேங்கிய சாக்கடையில்தான் பெருகும். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய்க்கு நைலான் வலை கட்டவும். சமையலறைத் தண்ணீரைத் தேங்கவிடாமல் வாழைக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடவும். இரவில் கொசுவலைக்குள் படுக்கவும்.