திருமலையில் இறங்கிய ரோஹிங்யாக்களுக்கு யார் பொறுப்பு?

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்து சேர்ந்த படகில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யா ஏதிலிகள் இருந்தனர். பலர் சிறுவர்கள். முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்து உதவியவர்கள் அப்பகுதிக் கடற்றொழிலாளர்கள்தான். பின்னர் கடற்படை அவர்களைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய், புல்மோட்டை, திரியாய் ஆகியவற்றைக் கடந்தே இக்கடல்வழி திருமலையை அடைகிறது. 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு விரட்டப்பட்டவர்கள் திரியாய் மக்கள். இம்மாவட்டத்திலிருந்து படகேறித் தமிழகம் போனவர்களில் பலர் இன்னும் அங்கு முகாம்களில்தான் வாழ்கிறார்கள்.

வந்தவர்களில் 12 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். மற்றவர்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். சொந்தக் காணி கேட்டு எமது மக்கள் வருடக்கணக்காக வீதியில் அமர்ந்த அதே கேப்பாப்பிலவு! மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கே அங்கு செல்ல முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையொப்பமிடாத நாடு. அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் இங்கு வேலை செய்யும் உரிமை இல்லை. மூன்றாம் நாடு ஒன்று ஏற்கும்வரை காத்திருப்பதே அவர்களுக்குள்ள வழி.

அந்த மூன்றாம் நாட்டுக் கதவைத் திறப்பதில் கிறிஸ்தவ சபைகளின் பங்கு பெரிது. கனடாவில் 1979 மார்ச்சில் மெனோனைட் சபையின் மத்திய குழு அரசாங்கத்துடன் முதல் பொறுப்பேற்பு ஒப்பந்தத்தைச் செய்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், ஐக்கிய சபைகள் தொடர்ந்தன. ஒரு தேவாலயம் ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்றால், ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு வாடகை, சாப்பாடு, குளிர்கால உடுப்பு, பிள்ளைகளின் பள்ளி அனுமதி, வைத்தியரிடம் அழைத்துப்போவது எல்லாம் அந்தச் சபையின் கடமை. வருபவர் நிரந்தர வதிவிட உரிமையுடனேயே விமானத்தால் இறங்குகிறார். 1979, 1980இல் சென்ற சுமார் 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கும் அதிகமானோர் இப்படித் தனியாரால் அழைக்கப்பட்டவர்கள். இதற்காகக் கனடிய மக்களுக்கு 1986இல் நான்சன் விருது கிடைத்தது.

அதே 1986 ஓகஸ்டில்தான் 155 தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, அங்குள்ள மீனவர்களால் மீட்கப்பட்டனர். எம்மவரில் பெரும்பாலானோர் இந்த முறையால் போனவர்கள் அல்லர். ஏஜென்சிக்குக் காசு கட்டி, போன இடத்தில் தஞ்சம் கேட்டவர்கள். எங்கள் சமூகத்தில் 'ஸ்பொன்சர்' என்றால் கணவன், மனைவி, பெற்றோரை அழைப்பது மட்டுமே என்ற எண்ணம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முன்பின் தெரியாதவருக்காகவும் கையொப்பமிடலாம் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

சபைகளின் வழியிலும் சிக்கல் உண்டு. ஒப்பந்தம் உள்ள அமைப்புகளுக்கு வருடாந்த ஒதுக்கீடு உண்டு. காத்திருப்பு வருடக்கணக்கில் நீள்கிறது. ஐவர் சேர்ந்து பொறுப்பேற்கும் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்களைப் பெறுவதைக் கனடா 2024 நவம்பர் இறுதியில் இடைநிறுத்தியது. ஐவர் குழு விண்ணப்பத்துக்கு அகதி என்ற அங்கீகாரக் கடிதமும் தேவை. முகாமுக்குள் அடைபட்டவர் அதை எப்படிப் பெறுவார்?

2025 ஜனவரியில் ரோஹிங்யாக்களை நாடு கடத்தக்கூடாது என்று முல்லைத்தீவில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்தக் குரல் ரொறன்ரோவுக்கும் கேட்கவேண்டும். அங்குள்ள தமிழ்ப் பங்குகளும், ஏன் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும்கூட, ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு சபையுடன் கூட்டுச் சேர்ந்து ஒரு குடும்பத்தையாவது பொறுப்பேற்க முயலலாம். வருடாந்த ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுக்கும் சங்கங்களுக்கு ஒரு குடும்பத்தின் ஒரு வருட வாடகை எட்டாத தொகையல்ல.